மண்ணுக்குள் போன பெயர்கள்

(மீரியபெத்த மண்சரிவில் மாண்டோர் நினைவாக ஒக்டோபர் 29ஆம் திகதி கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014ஆம் ஆண்டு இதே நாளில், மீரியபெத்தவில் மண்ணுக்குள் மறைந்துபோன நம் உறவினரை நினைவுகூர இன்று கூடியிருக்கின்றோம். உறவினர் என்று சொன்னேன். அவர்களுள் எவரும் எனக்கு மாமனோ மச்சானோ அல்லர். ஆயினும் அவர்கள் பறித்த கொழுந்தும் நம் தாய்மார் பறிக்கும் கொழுந்தும் ஒன்றே. அவர்கள் படுத்துறங்கிய காம்பராவும் நம் காம்பராவும் ஏறக்குறைய ஒரே அளவானவை. அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் நின்றதும் மலை. நம் லயத்துக்குப் பின்னால் நிற்பதும் மலை. இதைவிட நெருங்கிய உறவு வேறு வேண்டுமோ?

மீரியபெத்த என்பது பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்ல பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அருகே உள்ள ஒரு தோட்டப் பிரிவு. அன்று புதன்கிழமை. பல நாளாகப் பெய்த மழை மலையின் வயிற்றை நிரப்பியிருந்தது. காலை ஏழரை மணியளவில் மலை பிளந்து இறங்கியது. பிரட்டுக்குப் புறப்பட்டவர்களும், அடுப்பங்கரையில் நின்றவர்களும், பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவர்களும் இருந்த நேரம் அது. லயங்கள் இருந்த இடம் சேறாயிற்று. கோயில் இருந்த இடம் சேறாயிற்று. பாடசாலைக்கு முன்னதாகப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். அவர்களிற் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடுமில்லை. வரவேற்கத் தாய் தந்தையரும் இல்லை.

இராணுவத்தினரும் ஊர்மக்களும் நாட்கணக்காக மண்ணைத் தோண்டினர். மழை மீண்டும் மீண்டும் குறுக்கிட்டது. நாட்டின் நாலா பக்கங்களிலுமிருந்து இன, மத வேறுபாடின்றி உணவும் உடையும் வந்து குவிந்தன. உயிர் தப்பியோர் முதலிற் பாடசாலைகளிலும் பின்னர் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்குத் தனி வீடுகள் கிடைத்தது 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில், எழுபத்தைந்து வீடுகள். இரண்டு ஆண்டு காலம் அவர்கள் காத்திருந்தனர்.

இவை நீங்கள் அறிந்த செய்திகள். இனி நான் சொல்ல விரும்புவது வேறொன்று. அன்று இறந்தவர்கள் எத்தனை பேர்?

முதல் நாளில் நூறு பேர் என்றார்கள். பின்னர் காணாமற் போனோர் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டும் என்றார்கள். சில நாட்கள் கழித்துத் தொகை குறைந்தது. பின்னாளில் அது நாற்பதுக்கு உட்பட்டதாகக் கூறப்பட்டது. மீட்கப்பட்ட உடல்களோ சிலவே. இருநூறு எங்கே, நாற்பது எங்கே? இறந்தோர் தொகை நாம் அஞ்சியதைவிடக் குறைந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஓர் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல முடியாமல் ஒரு நாடே பல நாள் திகைத்து நின்றது ஏன் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பதிவேடுகளும் மண்ணுக்குள் அகப்பட்டுவிட்டன என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் வாழ்க்கை முறையிலேயே இருக்கின்றது. தோட்டத்துச் செக்றோலில் யாருடைய பெயர் இருக்கும்? அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுத்தவருடைய பெயர் இருக்கும். வேலையிலிருந்து நின்றுவிட்ட பாட்டியின் பெயர் அதில் இராது. கொழும்பிற் கடையில் நின்று, தீபாவளிக்கு வீடு வந்த பையனின் பெயர் இராது. அடுத்த தோட்டத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்த பெண்ணின் பெயர் இராது. பிறந்து பத்து நாளான குழந்தைக்குப் பெயரே இட்டிருக்கமாட்டார்கள். லயத்துக்கு ஓர் இலக்கம் உண்டு. காம்பராவுக்கு ஒரு விலாசம் உண்டா? கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேரும். சில வேளை வராமலும் போகும். விலாசம் இல்லாமல் வாழ்ந்தவர்கள், எண்ணிக்கை இல்லாமல் இறந்தார்கள். இதுவே மீரியபெத்த நமக்கு விட்டுச்சென்ற பெருந்துயரம்.

இது புதிய துயரமுமன்று. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் வழியிலே விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எவரிடமும் இல்லை. 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடைபயணம் சென்றனர். அந்த வழியில் அவர்கள் அஞ்சலி செலுத்தியது பெயர் தெரியாதவர்களுக்கே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உயிரோடு இருந்தவர்களையும் பெயரற்றவர்கள் ஆக்கியது. அந்தக் குறை முற்றிலும் நீங்கச் சட்டத்தின் அளவிலேயே 2003ஆம் ஆண்டுவரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஆகவே பதிவேட்டில் இடமில்லாத வாழ்வு என்றால் என்ன என்பது நமக்கு எவரும் கற்பிக்க வேண்டிய பாடமன்று.

இறந்தாரைப் போற்றுவது நம் சமயத்தில் எவ்வளவு உயர்ந்த கடமை என்பதைப் பெரியோர் நன்கறிவர். இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களை வரிசைப்படுத்திய வள்ளுவர், தெய்வத்துக்கும் விருந்தினர்க்கும் முன்னதாகத் தென்புலத்தாரை வைத்தார். திதி தெரியாமல் இறந்தவர்களும் விடுபடலாகாது என்று மகாளய அமாவாசையை நம் முன்னோர் வகுத்தனர். நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கும் நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் அனைவரையும் நினைந்து மன்றாடுவதைக் கண்டிருக்கின்றேன். நம் நாடு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோளில் மாண்ட முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுதோறும் நினைக்கின்றது. அன்று காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு முழுவதும் மௌனம் காக்கின்றது. அந்நாளைத் தேசிய பாதுகாப்பு நாள் என்றும் வைத்திருக்கின்றனர். அப்பெயர் நல்ல பெயர். இறந்தோருக்கு அஞ்சலி செய்வதும் இருப்போரைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்று அது சொல்லாமற் சொல்கின்றது. அந்தப் பொருளிலேதான் நாமும் இன்றைய நாளைக் கொண்டாட வேண்டும்.

“தம்பி, நடந்தது விதி. மலை விழுவதை மனிதர் தடுக்க முடியுமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய வயதையும் அவர்கள் பட்ட பாட்டையும் நான் மதிக்கின்றேன். மழை விதி என்று அவர்கள் சொன்னால் நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். ஆனால் மீரியபெத்த மக்கள் ஆபத்தான இடத்தில் இருக்கின்றனர், அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும், மறுபடியும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மலைகளின் தன்மையை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை அது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஒன்பது ஆண்டுக்கு முன்பே ஓலை அனுப்பிவிட்டு வரும் விதியும் உண்டோ?

அப்படியானால் மக்கள் ஏன் போகவில்லை? மேலோட்டமாகப் பார்ப்பவர்கள், “சொன்னார்கள், கேட்கவில்லை” என்று அவர்கள் மீதே பழியைப் போடுகின்றனர். நாம் லயத்திற் பிறந்தவர்கள். நமக்கு இதன் உண்மை தெரியும். ‘போ’ என்று சொன்னார்கள். எங்கே போவது என்று சொன்னார்களா? நாம் குடியிருக்கும் காம்பரா நமக்குச் சொந்தமன்று. அதைச் சுற்றியுள்ள நிலமும் நமக்குச் சொந்தமன்று. நிலம் அரசாங்கத்துடையது, 1992ஆம் ஆண்டு முதல் நிருவாகம் கம்பனிகளுடையது, வேர்வை மட்டும் நம்முடையது. வேலையோடு வீடும், வீட்டோடு வேலையும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. மேட்டிலிருந்து இறங்கிப் போனால் நாளைப் பேர் போய்விடும். மாட்டை எங்கே கட்டுவது? அடுப்பை எங்கே மூட்டுவது? கோயிலிலோ பாடசாலையிலோ இரண்டு இரவு தங்கலாம். இரண்டு மாதம் தங்க முடியுமா? மழை விட்டதும் மறுபடியும் அதே லயத்துக்குத்தான் ஏற வேண்டும். சொந்தமாக ஒரு பிடி நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை என்பது அரை உதவியே. மற்ற அரை, காலை ஊன்ற ஓர் இடம்.

அந்த இடத்தைத் தேடிக்கொடுப்பது முடியாத காரியமா? இதற்கு விடை சொல்ல நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கொத்மலையின் நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். மகாவலித் திட்டத்தின் கீழ் 1985ஆம் ஆண்டில் நிறைவேறிய அணை அது. அந்த நீருக்கு அடியில் வயல்களும் வீடுகளும் விகாரைகளும் கிடக்கின்றன. நீர் வற்றும் காலத்தில் பழைய கட்டடங்கள் தலைகாட்டுவதை நம் பெரியோர் பலமுறை கண்டிருக்கின்றனர். அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் சிங்களக் கிராமத்து மக்கள், நீர் ஏறுமுன் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர். சிலர் தொலைவிலுள்ள மகாவலி வலயங்களுக்குப் போயினர். சிலர் அருகிலேயே தேயிலை நிலங்களிற் குடியமர்ந்தனர். பிறந்த மண்ணைவிட்டுப் போன அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓர் உண்மை அதிலே தெளிவாகின்றது. நீர் ஏறப்போகின்றது என்று தெரிந்தபோது, அதற்கு முன்பே ஊர்களைப் பெயர்க்கவும், மாற்று நிலம் கண்டுபிடிக்கவும் நம் நாட்டால் முடிந்தது. மின்சாரத்துக்காகவும் நீர்ப்பாசனத்துக்காகவும் முடிந்தது, உயிருக்காக முடியாதா? நீர் ஏறுமுன் செய்ததை மண் இறங்குமுன் செய்யலாகாதா?

உலகத்தில் வேறு இடங்களிலும் மலை இறங்கியிருக்கின்றது. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்றொரு சுரங்கத் தொழிலாளர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவை ஊருக்கு மேலே மலைபோலக் குவித்திருந்தனர். அக்குவியலின் அடியில் நீரூற்று இருந்தது. பாடசாலைக்கு ஆபத்து வரும் என்று ஊராரும் உள்ளூர் மன்றத்தாரும் சில ஆண்டுகளுக்கு முன்பே முறையிட்டிருந்தனர். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்த வேளையில் அந்தக் குவியல் சரிந்து பாடசாலை மீது விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் சிறுவர். ஒக்டோபர் மாதம், காலை நேரம், மழை, முன்னறிவித்தும் கேளாத செவிகள்! மீரியபெத்தவின் கதையைப் போலவே இருக்கின்றதல்லவா?

ஆனால் அதன் பின்னர் நடந்தவற்றில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே 144 என்ற தொகை 144 ஆகவே நிற்கின்றது. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் வெண்கல்லறைகள் அந்தப் பெயர்களைச் சொல்லுகின்றன. ஒரு விசாரணை மன்றம் 76 நாட்கள் கூடி விசாரித்தது. அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலக்கரிச் சபையே பொறுப்பு என்று 1967ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. 1969ஆம் ஆண்டில் கழிவுக் குவியல்களின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றினர். அங்கும் நீதி முழுமையாகக் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை, எவரும் தண்டிக்கப்படவில்லை. மிஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கு, அநாதரவானோருக்கென உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே ஒன்றரை இலட்சம் பவுணை எடுத்தனர். 1997ஆம் ஆண்டிலேதான் அதைத் திருப்பிக் கொடுத்தனர். ஆயினும் பெயர்கள் தெரிந்திருந்தமையால், அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்க ஆட்கள் இருந்தமையால், கேள்வி சாகவில்லை. எண்ணிக்கை தெரியாத சாவுக்கு எவரிடம் கணக்குக் கேட்பது?

நம் இனத்தவருக்கே நேர்ந்த மற்றொன்றையும் சொல்லுகின்றேன். கேரளத்தில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் இடத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மலை சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோயிற்று. கடும் மழையால் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தன. மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியுலகுக்கு எட்டியது. கடல் நடுவே இருந்தாலும் கொழுந்துக் கூடையின் பாரமும் ஒன்று, வரிசை வீட்டின் ஆபத்தும் ஒன்று.

இது தோட்டத்துத் தமிழருக்கு மட்டும் உரிய துயரம் என்றும் எவரும் எண்ணவேண்டாம். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியது. நூறு பேருக்கு மேல் மறைந்தனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பெரும் அடிபட்டன. நம் கொத்மலையின் மலைகளும் பிளந்தன. அந்த நாட்களில் பாதை அறுந்து, மின்சாரம் அறுந்து, தொலைபேசி அறுந்து, அடுத்த பிரிவில் யார் இருக்கின்றார், யார் இல்லை என்று அறியாமல் நாம் தவித்தோம். மீரியபெத்தவிற் கேட்ட அதே கேள்வி பதினோராண்டு கழித்து நம் வாசலிலேயே வந்து நின்றது. இனியும் அதற்கு விடையின்றி நிற்கலாமா?

மலை திடீரென்று கொல்லும் எதிரியன்று. விழுமுன் பல முறை பேசும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு விடும். நேராக நின்ற மரமும் கம்பமும் சாயும். கதவும் சன்னலும் இறுகித் திறவாமற் போகும். இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படும். இருந்த ஊற்று நின்றுபோகும். தெளிந்த பீலித் தண்ணீர் சேறாக வரும். நீர் மண்ணுக்குள் புகப்புக அதன் பாரம் ஏறுகின்றது. மண்ணோடு மண்ணைப் பிடித்திருக்கும் பிடி தளர்கின்றது. அந்தக் காலத்துத் துரைமார் மலைக்குக் குறுக்கே கான் வெட்டுவித்தது எதற்காக? மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிப்போவதற்காகவே. கான் தூர்ந்தால் மலை குடிக்கும்; மலை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் தள்ளாடும். கான் வெட்டிய கைகளுக்கு இந்தப் பாடம் தெரியும். அந்தப் பெரியவர்களிடம் நாம் இன்னும் கேட்டு அறியவேண்டியவை நிரம்ப உண்டு.

மழைக்கும் ஓர் அளவு சொல்லியிருக்கின்றார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர், நான்கு அங்குலம் பெய்தால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர், ஆறு அங்குலம் பெய்தால் ஆபத்தான இடத்தில் உள்ளவர்கள் வெளியேறிவிட வேண்டும். இதை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நேரான சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும், பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டமும் போதும். மரமோ கூரையோ மறைக்காத வெளியில் அதை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்திற் பார்த்து எழுத ஒருவர் வேண்டும். அவ்வளவே.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, அரசாங்கம் செய்யட்டும், கம்பனி செய்யட்டும் என்று உட்கார்ந்துவிடுவது நம் சங்கத்துக்கு அழகன்று. அவர்கள் செய்ய வேண்டியதை அவர்களிடம் உரத்துக் கேட்போம். நாம் செய்யக்கூடியதை நாமே செய்வோம். மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, பெயர்ப் பதிவேடு. மேற்கணக்கு, பணியகணக்கு என்று ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு காம்பராவிலும் யார் யார் வாழ்கின்றனர் என்பதை எழுதுவோம். கைக்குழந்தையையும் எழுதுவோம், படுக்கையிற் கிடக்கும் பாட்டனையும் எழுதுவோம். நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்கிச்செல்லப் பக்கத்திலுள்ள இளைஞர் யார் என்பதையும் எழுதுவோம். கொழும்புக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வந்தால் அன்றே குறிப்போம். இதைக் கைத்தொலைபேசியில் வைத்தாற் போதாது. பெட்டிமுடி நமக்கு அதைக் கற்பித்துவிட்டது. தாளில் எழுதி, ஒரு பிரதியை நம் கோயிலிலும், மறுபிரதியை வேறொரு மலையிலுள்ள பாடசாலையிலும் வைப்போம். ஒரு சரிவு இரண்டையும் ஒருங்கே மூடக்கூடாது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு எழுதி, கண்டவர் கையிற் படாமற் காப்பதும் நம் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்போம்.

இரண்டாவது, மழைக்காவல். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு இளைஞர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று, மழையை அளந்து எழுதட்டும். கானைப் பார்க்கட்டும், வெடிப்பைப் பார்க்கட்டும், கண்டதைக் கிராம அலுவலருக்கும் தோட்டத்துக்கும் எழுத்திலே அறிவித்து, அறிவித்த திகதியைக் குறித்துவைக்கட்டும். நள்ளிரவில் மின்சாரம் இல்லாதபோது எப்படி எழுப்புவது என்று கேட்பீர்கள். முன்னாளிற் பிரட்டுக்கு நம் பாட்டன்மாரை எழுப்பியது எது? தப்பு அல்லவா? வேலைக்கு விரட்டிய அந்தத் தப்பு இனி உயிரைக் காக்க முழங்கட்டும். கோயில் மணியும் அதோடு சேர்ந்து ஒலிக்கட்டும். எந்த ஓசைக்கு எந்த வழியே, எந்த இடத்துக்குப் போவது என்பதை வெயிற் காலத்திலேயே பழகிக்கொள்வோம்.

மூன்றாவது, நிலம். இது நம் கையில் மட்டும் இல்லை; ஆனால் நம் வாயில் இருக்கின்றது. மீரியபெத்த மக்களுக்கு இழப்பின் பின் தனி வீடு கிடைத்தது. இழப்பதற்கு முன்பே கிடைக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும். ஆபத்தான இடம் என்று ஒரு லயத்துக்கு அறிவித்தல் கொடுப்பவர்கள், அதே தாளிற் பாதுகாப்பான இடத்தையும் குறிப்பிட வேண்டும் என்று கேட்போம். இதைக் கட்சி பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. தொழிற்சங்கங்கள் எத்தனை இருந்தாலும், சரியும் மலை அங்கத்துவ அட்டையைப் பார்ப்பதில்லை. பெரியோர்களே, இந்தப் பணியில் முன்னே நிற்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் அனுபவமும் எங்கள் படிப்பும் ஒரே விண்ணப்பத்தில் ஒப்பமிட்டாற் கேட்பவர் செவி சாய்ப்பர்.

இளைஞர்களே, நம்மில் பலர் நகரங்களிற் படிக்கின்றோம், வேலை பார்க்கின்றோம். விடுமுறைக்கு வருகின்றோம், விழாவுக்கு வருகின்றோம், போகின்றோம். ஓர் இரவில் எட்டுப் பத்து வீடு ஏறி இறங்கினால் ஒரு லயத்தின் பெயர்களை எழுதி முடித்துவிடலாம். அப்படிப் போகும்போது, நாம் அறியாத ஒரு பாட்டியின் பெயரையும் அறிவோம். அவர் எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பிள்ளையைப் புதைத்தார் என்பதையும் கேட்போம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை மரியாதையோடு எழுதுவது, இறந்தபின் ஏற்றும் ஆயிரம் விளக்குக்கு ஒப்பானது.

இன்று நாம் மோட்ச தீபம் ஏற்றப்போகின்றோம். மீரியபெத்தவில் மறைந்தோர் அனைவருக்கும், பெயர் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும், அது ஒளி தரட்டும். அவர்களுடைய பெயர்களைத் திருப்பிக் கொடுக்க நம்மால் இயலாது. நம் மலைகளில் இனி ஒருவரும் பெயரின்றி மண்ணுக்குள் போகாதபடி காவல் நிற்க நம்மால் இயலும். பதிவேட்டுக்கான கொப்பிகள் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் முன்வந்து ஒன்றைப் பெற்றுச்செல்லுமாறு வேண்டுகின்றேன்.